பாண்டிக்கு வந்தால் இந்தத் தண்ணீரைக் குடித்துப் பாருங்கள்!

பாண்டிச்சேரி என்று சொன்னாலே வெளியூர்க்காரர்கள் முகத்தில் ஒரு குறும்புச் சிரிப்பு வந்துவிடும். "அங்கே எல்லாம் விலை கம்மியாமே?" என்று ஒரு விசாரிப்பு வேறு. சிரித்துவிட்டுப் போகட்டும். இந்த ஊரில் குடிக்க வேண்டியது எது என்று என்னைக் கேட்டால் நான் கைகாட்டுவது என் சமையலறை மூலையில் இருக்கும் மண்பானையைத்தான். அதில் வெட்டிவேர் ஊறிக்கொண்டிருக்கிறது. மேடைமேல் இருக்கும் கண்ணாடி ஜாடியில் வெள்ளரியும் புதினாவும். ஃப்ரிட்ஜ் கதவைத் திறந்தால் நெல்லிக்காய் வில்லைகள் மிதக்கும் இன்னொரு ஜாடி. என்ன வாசம், என்ன ருசி! சொல்லி மாளாது. ஆனாலும் சொல்லத்தான் போகிறேன்.

பழமும் இலையும் வேரும் போட்டு ஊறவைத்த தண்ணீர். இவ்வளவுதான் சமாசாரம். பிழிவதில்லை, அரைப்பதில்லை, சர்க்கரை இல்லை. வெள்ளையர் பகுதி விருந்தினர் இல்லங்களில் வரவேற்பு மேசைமேல் குழாய் வைத்த கண்ணாடிக் குடுவையில் எலுமிச்சை வில்லை மிதக்க 'இன்ஃப்யூஸ்டு வாட்டர்' என்று சீட்டு ஒட்டி வைத்திருக்கிறார்களே, அதே சங்கதி. அதைப் பார்த்து "ஆகா, ஃபாரின் ஐடியா" என்று வியக்கிறவர்களைக் கண்டால் எனக்குச் சிரிப்புத்தான் வரும். வியக்கிறவர்கள் அப்படியே நடந்து மகாத்மா காந்தி வீதியில் இருக்கும் வரதராசப் பெருமாள் கோயிலுக்குப் போய்க் கையை நீட்டட்டும். பட்டர் உத்தரணியில் ஊற்றுகிற தீர்த்தம் என்னவாம்? ஏலக்காய், கிராம்பு, பச்சைக் கற்பூரம், துளசி ஊறிய நீர்தானே! அந்த ஒரு மடக்கு தொண்டையில் இறங்கும்போது மூக்குவரை ஏறுகிற குளிர்ச்சிக்கு ஈடாக எந்த நட்சத்திர ஓட்டலும் இன்னும் ஒன்றைக் கண்டுபிடிக்கவில்லை என்பது என் தீர்மானம்.

கத்தரி வெயில் இங்கே வேறு மாதிரி. வேலூர் வெயில் காய்ச்சி எடுக்கும். பாண்டி வெயில் புழுக்கி எடுக்கும். மே 4 வாக்கில் அக்னி நட்சத்திரம் தொடங்கி 28 வாக்கில் முடிகிறவரை, மதியத்துக்குமேல் கடல்காற்று கிளம்பிவிட்டதா என்று ஊரே எதிர்பார்த்துக் கிடக்கும். வியர்வை ஊற்றும், காயாது. சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடித்தாலும் நாக்கு 'இன்னும் என்னவோ வேணும்' என்று அடம்பிடிக்கும். நாக்கை மட்டும் குற்றம் சொல்லக் கூடாது. பெரும்பாலான வீடுகளில் நாம் குடிப்பது கேன் தண்ணீர், இல்லாவிட்டால் ஆர்.ஓ. தண்ணீர். உப்பை வடிகட்டும்போது அந்தச் சவ்வு கால்சியம், மக்னீசியத்தையும் சேர்த்தே வடித்துவிடுகிறது. மிஞ்சுவது சப்பென்று ஒரு நீர். கடலோரத்தில் நிலத்தடி நீரில் உப்பு ஏறிக்கொண்டே வருகிற ஊரில் ஆர்.ஓ. வேண்டாம் என்றும் சொல்ல முடியாது. அந்தச் சப்பைத் தண்ணீருக்கு உயிர் கொடுக்கத்தான் இந்த வித்தை. சப்பையாக இருப்பதில் ஒரு லாபமும் உண்டு. போட்டுவைக்கிற பொருளின் வாசம் குறுக்கே எதுவும் இல்லாமல் அப்படியே எழும்பி வரும்.

வெட்டிவேரிலிருந்து ஆரம்பிக்கிறேன். எனக்கு ராஜா அதுதான்.

நமக்குத் தெற்கே இருபது கிலோமீட்டர் சொச்சம் போனால் கடலூர். அதையும் தாண்டிக் கடலோர மணல்காட்டில் நொச்சிக்காடு போன்ற ஊர்களில் வெட்டிவேர் பயிரிடுகிறார்கள். புல் இனம்தான், ஆனால் மேலே தெரிகிற புல்லுக்கு மதிப்பில்லை, கீழே ஆள் உயரத்துக்கும் மேல் இறங்குகிற வேருக்குத்தான் காசு. களிமண்ணில் இந்த வேரைப் பிடுங்கினால் அறுந்துபோகும்; மணலில் முழுசாக வரும். அதனால்தான் கடலோரத்தில் இந்தப் பயிர். இதே வேரின் எண்ணெய் பிரெஞ்சு வாசனைத் திரவியங்களுக்கு அடித்தளம். அந்த எண்ணெயை உலகுக்கு அதிகமாக அனுப்பும் நாடுகளில் முன்னணியில் இருப்பது ஹைட்டி. அதுவும் ஒரு காலத்தில் பிரெஞ்சுக்காரர்களிடம் இருந்த தேசம். பாரிசில் சின்னக் குப்பியில் கொள்ளை விலைக்கு விற்கிற வாசத்தை நான் பானையில் போட்டுச் சொம்பு சொம்பாகக் குடிக்கிறேன். இந்தத் திமிரை நீங்கள் மன்னிக்கத்தான் வேண்டும்!

செய்முறை என்று பெரிதாக ஒன்றுமில்லை, கழுவுவதுதான் வேலை. கைப்பிடி வேரைப் பிரித்து உதறினால் மணல் பொலபொலவென்று கொட்டும். ஒரு குண்டானில் தண்ணீர் ஊற்றி அரை மணி நேரம் ஊறவிட்டு, கசக்காமல் அலச வேண்டும். முதல் தண்ணீர் கலங்கலாகக் காப்பி நிறத்தில் வரும். மூன்றாவது நான்காவது தண்ணீரில் தெளியும். தெளிந்த பிறகு மெல்லிய வெள்ளைத் துணியில் தளர்வாக முடிந்து, பானைத் தண்ணீரில் அமிழ்த்திவிடுங்கள். முடிச்சு மிதக்கும், சுத்தமான கூழாங்கல் ஒன்றைக் கூடவே வைத்துக் கட்டினால் அடியில் உட்காரும். வெட்டிவேரின் எண்ணெய் கனமானது, தண்ணீரில் அவ்வளவு சீக்கிரம் இறங்காது. ஆகவே அவசரப்படுகிறவர்களுக்கு இது சரிவராது. ராத்திரி போட்டால் காலையில் தண்ணீர் லேசாக மஞ்சள் பூத்திருக்கும். முதல் மடக்கில் நாக்குக்கு ஒன்றும் தெரியாது. விழுங்கிய பிறகு, மூச்சு விடும்போது வருகிறது பாருங்கள் ஒரு மண்வாசம்! கோடைமழையின் முதல் பத்துத் துளி புழுதியில் விழுந்தால் கிளம்புமே, அதுவேதான்.

மூன்று நான்கு நாளைக்கு ஒருமுறை முடிச்சை எடுத்து மொட்டைமாடியில் நல்ல வெயிலில் காயப்போட்டு மறுபடி பயன்படுத்தலாம். வாசம் அடங்கியதும் தூக்கிப்போட வேண்டியதில்லை. எங்கள் வீட்டில் அலமாரித் துணிகளுக்கு இடையே போய்விடும்.

மண்பானை பற்றி ஒரு உண்மை சொல்லிவிடுகிறேன், பானைப் பிரியர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். பானையின் நுண்துளை வழியே கசிகிற நீர் ஆவியாகும்போது சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. அதனால்தான் உள்ளே குளிர்கிறது. காற்று உலர்ந்திருந்தால்தான் அது நன்றாக நடக்கும். கடல் ஈரம் அப்பிக்கிடக்கும் பாண்டிக் காற்றில் பானைத் தண்ணீர் சேலம், திருச்சிப் பக்கம் குளிர்கிற மாதிரி குளிராது. நிழலும் காற்றோட்டமும் உள்ள மூலையில், ஈரமணல் பரப்பி அதன்மேல் வைத்தால் ஓரளவு பரவாயில்லை. ஆனாலும் வெட்டிவேரைக் கண்ணாடியில் போடாதீர்கள்; சுட்ட மண்ணின் வாசமும் வேரின் வாசமும் ஒன்றையொன்று தேடிப் பிடித்துக்கொள்கின்றன. பானை வாங்க நம் ஊர் ஆள் வெளியே அலைய வேண்டாம். வில்லியனூர் மண்வேலை புவிசார் குறியீடே பெற்றது.

தண்ணீரைப் பற்றி இத்தனை பேசிவிட்டு ஆயியை விட்டுவிட்டால் பாண்டிக்காரி என்று சொல்லிக்கொள்ளவே லாயக்கில்லை. பாரதி பூங்கா நடுவில் வெள்ளை வெளேரென்று நிற்கிறதே ஆயி மண்டபம், புதுச்சேரி அரசின் சின்னமாகவும் இருக்கிறதே, அது ஒரு தாசிப் பெண்ணின் பெயரில் நிற்பது. இந்தப் பக்கம் வந்த விசயநகர மன்னர் கிருஷ்ணதேவராயர் விளக்கொளியில் ஜொலித்த ஒரு மாளிகையைக் கோயில் என்று நினைத்துக் கும்பிட்டுவிட்டாராம். அது தாசி வீடு என்று தெரிந்ததும் இடிக்கச் சொன்னாராம். "நானே இடித்துக்கொள்கிறேன்" என்று கெஞ்சி வாங்கிய ஆயி, அந்த இடத்தில் குளம் வெட்டிவைத்தாள் என்பது கதை. பிற்காலத்தில் பிரெஞ்சு நகரத்தில் நல்ல தண்ணீருக்குத் திண்டாட்டம் வந்தபோது, லாமரெஸ் என்ற பொறியாளர், ஆயி குளம் வெட்டிய முத்திரையர்பாளையத்திலிருந்துதான் ஊருக்குத் தண்ணீர் கொண்டுவந்தார். அந்தத் தண்ணீரின் நினைவாக, மூன்றாம் நெப்போலியன் காலத்தில், 1852க்கும் 1870க்கும் இடையில் எழுந்தது இந்த மண்டபம். எத்தனையோ கவர்னர்கள் ஆண்ட ஊரில் தண்ணீர் கொடுத்தவளுக்கு நடுப்பூங்காவில் மண்டபம்! பூங்காவில் செல்ஃபி எடுக்கிறவர்களிடம் இந்தக் கதையைச் சொல்லாமல் என்னால் தாண்டிப் போக முடிவதில்லை. வீட்டில் இருப்பவர்கள் என்னோடு வாக்கிங் வருவதை நிறுத்திவிட்டதற்கு அதுவும் ஒரு காரணம்.

சரி, மார்க்கெட்டுக்குப் போவோம். பெரிய மார்க்கெட்டுக்கு, அதாவது குபேர் அங்காடிக்கு, காலை வெயில் ஏறுவதற்கு முன் போய்விட வேண்டும். பூக்கடை வரிசையின் சாமந்தி, மருக்கொழுந்து வாசத்தைத் தாண்டிக் காய்கறிப் பக்கம் வந்தால் கூறு கட்டி எலுமிச்சை வைத்திருப்பார்கள். தோல் மெலிந்து, மஞ்சளில் கொஞ்சம் பச்சை ஓடி, கையில் எடுத்தால் அளவுக்கு மீறிக் கனக்கிற பழமாகப் பாருங்கள். ஊறுகாய்க்கு வாங்குகிற தடித்த தோல் காய் இதற்கு ஆகாது. தோலுக்கு அடியில் இருக்கும் வெள்ளைச் சதைதான் கசப்பின் ஊற்று. அது அதிகமானால் தண்ணீர் கஷாயமாகிவிடும். புதினாவைக் கட்டாக வாங்கும்போது காம்பு நுனி கறுத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நான் வழக்கமாக வாங்குகிற அக்கா என் தொல்லை தாங்காமல், "ஏம்மா, ரசத்துக்குப் போடறவங்க கூட இவ்ளோ பாக்கறது இல்ல, நீ தண்ணிக்குப் போடறதுக்கா இந்தப் பாடு?" என்பார்.

"ரசத்துல புளி காப்பாத்தும்க்கா, தண்ணியில எதுவும் காப்பாத்தாது" என்பேன். அது முழு உண்மை. தண்ணீரில் ஒளிய இடமில்லை. ஒரே ஒரு வாடல் இலை போதும், ஜாடி முழுக்க வைக்கோல் வாசம் அடிக்க.

வெள்ளரி–புதினா புதிதாக ஆரம்பிக்கிறவர்களுக்கு. ஒரு லிட்டர் தண்ணீர், பிஞ்சு வெள்ளரி ஒன்று, புதினா பத்து இலை, எலுமிச்சை இரண்டே வில்லை. வெள்ளரியின் இரு முனையையும் வெட்டி நுனியை நாக்கில் வைத்துப் பார்த்துவிடுங்கள். கசந்தால் அந்தக் காய் வேண்டாம். தோல் சீவாமல் காகிதக் கனத்துக்கு வில்லை போட வேண்டும். வெட்டியவுடன் வருகிற அந்தப் பச்சை வாசம் காய் முழுசாக இருக்கும்போது இல்லாதது. கத்தி பட்டு உயிரணுக்கள் கிழியும்போது என்சைம்கள் வேலை செய்து அப்போதுதான் உண்டாகிறது. மெல்லிசாக எத்தனை வில்லை போடுகிறோமோ அத்தனை வாசம். புதினாவைக் கிள்ளிப் போடக் கூடாது, அரைக்கவும் கூடாது. உள்ளங்கையில் வைத்து இன்னொரு கையால் ஒரு தட்டு. பட்டென்று ஒரே தட்டு! இலைமேல் இருக்கும் எண்ணெய்ப் பைகள் உடையும், பச்சையம் வெளியேறாது. மூடி போட்டு ஃப்ரிட்ஜில் மூன்று மணி நேரம். பிறகு ஊற்றிக் குடித்துப் பாருங்கள். உச்சிவெயிலில் கறிகாய்ப் பையோடு வந்து நிற்கிற மனுஷியை நாற்காலியில் உட்காரவைத்து மறுபடி மனுஷியாக்குகிற தண்ணீர் அது.

ஏன் குளிரில் ஊறவைக்க வேண்டும் என்று கேட்பவர்களுக்கு இரண்டு பதில். சூட்டில் வாசம் சீக்கிரம் இறங்கும், கசப்பும் துவர்ப்பும் அதைவிடச் சீக்கிரம் இறங்கும்; குளிரில் வாசம் மட்டும் மெல்ல வரும். இரண்டாவது, நம் ஊர்ச் சூட்டில் வெட்டிய பழம் போட்ட தண்ணீரை வெளியே வைத்தால் கிருமிக்கு விருந்து. வெளியே இரண்டு மணி நேரம், ஃப்ரிட்ஜில் ஒரு நாள். அதற்குமேல் எவ்வளவு அழகாக மிதந்தாலும் செடிக்கு ஊற்றிவிடுங்கள். எலுமிச்சை, சாத்துக்குடி வில்லைகளை நான்கு மணி நேரத்துக்குள் எடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் தோலின் கசப்பு பிடித்துக்கொள்ளும். பழத்தையும் இலையையும் கழுவுவதில் கஞ்சத்தனம் கூடாது. ஜாடியில் போடுவது தோலோடுதானே! இன்னொன்று: செம்புப் பானை, பித்தளைக் குடத்தில் வெறும் தண்ணீர் வைக்கலாம். எலுமிச்சை, நெல்லி என்று புளிப்பு எதையும் அதில் போடாதீர்கள். புளிப்பு உலோகத்தைக் கரைத்து எடுக்கும். வாந்தியில் கொண்டுபோய் விடும். கண்ணாடி, எவர்சில்வர், மண் இவை மூன்றும் போதும்.

நெல்லிக்காய்த் தண்ணீர் ஒரு மாயம். பெரிய நெல்லி மூன்றைக் கொட்டை நீக்கி வில்லை போட்டு, ஒரு விரல் நீளத்தில் தட்டிய இஞ்சி கொஞ்சம் சேர்த்து ராத்திரி வைத்தால், காலையில் முதல் வாய் துவர்க்கும். முகம் சுளிப்பீர்கள். அடுத்த வாய்க்கு இனிக்கத் தொடங்கும்! சிறுவயதில் நெல்லிக்காய் கடித்துவிட்டுத் தெருக்குழாயில் வாய் வைத்தோமே, அந்த இனிப்பு ஜாடியிலேயே தயாராகக் கிடைக்கிறது. சர்க்கரை ஒரு சிட்டிகை கிடையாது. என் கணவர், பாட்டில் பானம் இல்லாமல் பிரியாணி இறங்காது என்கிற கட்சி, இப்போது பிரியாணிக்கே நெல்லித் தண்ணீர் கேட்கிறார்.

நிறத்தில் மயங்குகிறவர்கள் இரண்டு சங்கதிகளைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஒன்று சங்குப்பூ. பாண்டியில் வேலியெல்லாம் படர்ந்து கிடக்கிறது, யாரும் சீந்துவதில்லை. நீலச் சங்குப்பூ ஏழெட்டைப் பறித்துக் காம்பும் பச்சையும் நீக்கி வெந்நீர் ஊற்றினால் தண்ணீர் மயில்கழுத்து நீலமாகிவிடும். ஆறவைத்து ஜாடியில் ஊற்றி, குழந்தைகளைச் சுற்றி உட்காரவைத்து, அவர்கள் கண் முன்னால் எலுமிச்சைச் சாறு நாலு சொட்டு விடுங்கள். நீலம் ஊதாவாக மாறும்! பூவில் இருக்கும் சாயம் புளிப்பைக் கண்டால் நிறம் மாற்றிக்கொள்ளும், அவ்வளவுதான் ரகசியம். எங்கள் தெருவில் ஒரு பிறந்தநாளுக்குப் பிள்ளைகள் கேக்கை மறந்துவிட்டு "ஆன்ட்டி இன்னொரு தடவை, ஆன்ட்டி இன்னொரு தடவை" என்று என் ஜாடியைச் சுற்றி நின்றார்கள். கேக் வாங்கியவர்கள் என்னோடு ஒரு வாரம் பேசவில்லை.

இன்னொன்று பதிமுகம். இது நம் ஆட்சிப்பரப்பிலேயே, ஆனால் அறுநூறு கிலோமீட்டருக்கு மேல் தள்ளி மலையாளக் கரையில் இருக்கிறதே மாஹே, அந்தப் பக்கத்து வழக்கம். கேரளத்தில் ஓட்டலில் உட்கார்ந்தால் இளஞ்சிவப்பாகச் சுடுதண்ணீர் வைப்பார்கள், பார்த்திருப்பீர்கள். பதிமுகம் என்கிற மரத்தின் சீவல் போட்டுக் கொதிக்கவைத்தது. மாஹேயில் இருந்து மாற்றலாகி வந்த அரசு ஊழியர் குடும்பங்கள் நம் ஊரில் நிறைய. எனக்கு இதைப் பழக்கியது அப்படி வந்த பக்கத்து வீட்டுச் சேச்சிதான். ஒரு லிட்டருக்கு ஒரு சிட்டிகைச் சீவல் போதும். இதிலும் எலுமிச்சை விட்டால் சிவப்பு போய் மஞ்சள் வரும். சேச்சிக்கு அது பிடிக்காது. "வெள்ளத்தில் எதுக்குக் கண்கட்டு வித்தை" என்பார். நான் ரகசியமாகச் செய்து பார்ப்பேன்.

பிரெஞ்சு ஊர் என்கிறோமே, பிரெஞ்சுக்காரர்கள் என்ன குடித்தார்கள்? புதினாச் சாறு சேர்த்த பச்சைப் பாகைக் குளிர்ந்த தண்ணீரில் கலந்து கோடையில் குடிப்பது அங்கே வழக்கம். 'மாந்த் ஆ லோ' என்பார்கள். சொல்தா குடும்பங்களில், பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்று அங்கிருந்து பென்ஷன் வாங்கும் தமிழ்க் குடும்பங்களைத்தான் சொல்கிறேன், அந்தப் பச்சைப் பாட்டிலை நான் பார்த்திருக்கிறேன். பளபளவென்று இருக்கும், பல் கூசுகிற இனிப்பு. மன்னிக்கவும், எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் அதே வீடுகளில் சாப்பாட்டு மேசைமேல் இடுப்பு சிறுத்த ஒரு கண்ணாடிக் குடுவையில் வெறும் தண்ணீர் வைப்பார்கள், காராஃப். அது பிடித்தது. பிரான்சில் உணவகத்துக்குச் சாப்பிடப் போனால் இந்தக் காராஃப் தண்ணீரை இலவசமாகத் தர வேண்டும் என்பது சட்டமே. நம் கடற்கரைச் சாலைப் பக்கத்து நாகரிக உணவகங்கள் பிரான்சிடமிருந்து இதைக் கற்றுக்கொண்டால் நன்றாக இருக்கும். உட்கார்ந்ததும் "மினரல் வாட்டரா மேடம்?" என்று மூடி திறக்கிற வேகத்தைப் பார்த்தால் எனக்குத் தாகமே போய்விடுகிறது. ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் அப்படி ஒரு காராஃப் எனக்கு அகப்பட்டது. கழுத்தில் சின்னக் கீறல் உண்டு. அதில் பன்னீர் ரோஜா இதழ் மிதக்க விட்டால் மேசையே விருந்துக்குத் தயாராகிவிடும். இதழ் வீட்டுச் செடியில் பறித்ததாக இருக்க வேண்டும். கடை ரோஜாவுக்குப் பூச்சிமருந்து அடித்திருப்பார்கள், அதைத் தண்ணீரில் போடவே கூடாது.

தர்பூசணிக்கு நமக்குக் குறைவே இல்லை. திண்டிவனம், மரக்காணம் பக்கம் கோடையில் சாலையோரம் மலைமலையாகக் குவித்திருப்பார்கள். துண்டு போட்டு, திருநீற்றுப்பச்சை இலை நாலைந்து சேர்த்தால் அது ஒரு தனி உலகம். மூன்று மணி நேரத்துக்குள் குடித்துவிட வேண்டும். பழம் குழைந்து நூல்நூலாகக் கரைய ஆரம்பித்தால் பார்க்கவே சகிக்காது. அன்னாசி நன்றாக ஊறும், மிளகு இரண்டு தட்டிப் போட்டால் இன்னும் நன்று. பன்னீர் திராட்சையைப் பாதியாக வெட்டாமல் போட்டால் பிரயோசனமில்லை. மாம்பழம், வாழை, பப்பாளி, சப்போட்டா இவை நான்கும் வேண்டவே வேண்டாம். தண்ணீர் கலங்கும், வாசம் வராது, பழமும் வீண். ஆப்பிள்? பார்வைக்கு மட்டும்.

மழைக்காலத்தில் இதெல்லாம் ஒத்திவைக்கப்படும் என்று நினைக்காதீர்கள். ஐப்பசி, கார்த்திகையில் புயல்சின்னம் என்று வானொலி சொல்ல ஆரம்பித்ததும் என் ஜாடி வெதுவெதுப்புக்கு மாறிவிடும். தொட்டியில் இருக்கும் ஓமவல்லி இலை இரண்டு, எலுமிச்சைப்புல் ஒரு முடிச்சு, சீரகம் அரை தேக்கரண்டி. கொதித்து இறக்கிய தண்ணீரில் போட்டு மூடிவைத்து, குடிக்கிற சூட்டுக்கு வந்ததும் வடிகட்டி பிளாஸ்க்கில் ஊற்றிவிடுவேன். ஓமவல்லி இரண்டு இலைக்குமேல் போட்டால் தைலம் குடிக்கிற மாதிரி ஆகிவிடும். பெருமாள் தீர்த்தத்தை வீட்டில் செய்து பார்க்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: பச்சைக் கற்பூரம் கடுகளவில் பாதி போதும், சாப்பிடத் தகுந்தது என்று கேட்டு வாங்குங்கள், டப்பாவைக் குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள். கட்டிக் கற்பூரம் ஏற்றுவதற்கு மட்டும்தான்.

இதைக் குடித்தால் உடம்பில் இருக்கும் நஞ்செல்லாம் கழுவிக்கொண்டு போய்விடும், பத்து நாளில் தொப்பை கரையும் என்று சொல்கிறவர்களை நம்பாதீர்கள். நஞ்சைக் கழுவ நமக்குக் கல்லீரலும் சிறுநீரகமும் இருக்கின்றன, அவை கூலி கேட்காமல் வேலை பார்க்கின்றன. இரண்டு வில்லை எலுமிச்சையிலிருந்து இறங்கும் வைட்டமினும் சொற்பம்தான்; சத்து வேண்டுமென்றால் ஊறிய பழத்தையும் எடுத்துச் சாப்பிடுங்கள். லாபம் வேறு இடத்தில் இருக்கிறது. 300 மில்லி கோலாவில் ஏறக்குறைய 30 கிராம் சர்க்கரை. பெரியவர்கள் ஒரு நாளைக்குச் சேர்க்கும் சர்க்கரையை 25 கிராம் அளவுக்குள் வைத்துக்கொண்டால் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒரே பாட்டிலில் நாள் கணக்கு முடிந்து, மேலேயும் போய்விடுகிறது. என் ஜாடியில் சர்க்கரை பூஜ்யம், குடிக்கிற தண்ணீரின் அளவோ தானாகவே கூடிவிடுகிறது. எங்கள் வீட்டில் எண்பதை நெருங்கும் என் மாமியார் தண்ணீர் குடிக்கச் சொன்னால் "தாகமே இல்ல, விடு" என்று தட்டிக்கழிப்பார். இப்போது அவரே, "அந்த வேர்த் தண்ணி இருந்தா ஒரு சொம்பு குடும்மா" என்கிறார். எனக்கு அது போதும். எலுமிச்சைத் தண்ணீரை மட்டும் நாள் முழுக்கச் சப்பிக்கொண்டே இருக்காதீர்கள், பல் எனாமலுக்கு ஆகாது. நடுநடுவே வெறும் தண்ணீரும் குடியுங்கள்.

செலவு என்று கேட்டால் ஒரு கட்டு புதினா, ஒரு பிஞ்சு, ஒரு பழம். ஒரு பாட்டில் குளிர்பான விலையில் வீட்டில் எல்லோருக்கும் ஆகிவிடும். வெட்டிவேர் மட்டும் கொஞ்சம் விலை. ஆனால் கைப்பிடி வேர் வாரக்கணக்கில் வரும். நாட்டு மருந்துக் கடையில் வாங்கும்போது பளிச்சென்று சுத்தமாகப் பொட்டலம் கட்டியதைப் பார்த்து ஏமாற வேண்டாம். பழைய வேராக இருக்கும். செம்பழுப்பாக, வளைத்தால் வளைகிற, மணல் இன்னும் ஒட்டியிருக்கிற வேராகக் கேளுங்கள். மூக்கருகே வைத்து முகர்ந்து பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள்.